விற்பனைப் பட்டியலில் திருமுழுக்குப் பெயர்கள்

நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் பயின்றிருக்கிறோம். தனிமனிதருக்குரிய இவ்வொழுங்கு, ஒரு சமூகமாக விசுவாசிகள் செய்த பாவத்திற்கும் பொருந்துமா? அமெரிக்க நாட்டு இயேசு சபையின் வரலாறு இக்கேள்விக்கு விடை தேட உதவுகிறது.

மேரிலாந்தில் இயேசு சபையினருக்குப் பெரும் பண்ணைகள் இருந்தன. அவற்றில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க வழிவந்த அடிமைகள். அவர்களுக்குக் குருக்கள் திருமுழுக்கு அளித்தனர், திருமணங்களை ஆசீர்வதித்தனர். அத்தகையோரை 1838-ஆம் ஆண்டில் அச்சபையே விற்றது. சபையின் மாநிலத் தலைவர் அருள்தந்தை தாமஸ் மலிடி, 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானாவின் தோட்டங்களுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். முதலில் கிடைத்த தொகையின் பெரும்பகுதி, ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கச் சென்றது.

உரோமையிலிருந்த சபை அதிபர் யான் ரூத்தான் நிபந்தனைகளோடுதான் இசைவளித்திருந்தார். குடும்பங்களைப் பிரிக்கலாகாது, அவர்கள் தம் விசுவாசத்தைக் கடைப்பிடிக்க வழி செய்யவேண்டும், பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தலாகாது. இவை காக்கப்படவில்லை. மலிடி பதவி விலக நேர்ந்தது. விற்கப்பட்டவர்களோ விற்கப்பட்டவர்களாகவே இருந்தனர். மறு ஆண்டில், 1839-இல், திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அடிமை வாணிபத்தைக் கண்டித்து மடல் விடுத்தார். அது அவர்களை மீட்கவில்லை.

இதே 1838-இல்தான் இயேசு சபையினர் நம் மண்ணில் புதிய மதுரை மறைப்பணியைத் தொடங்கினர் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். ஒரே சபை, ஒரே நற்செய்தி. ஒரு கரையில் ஆன்மாக்களைத் தேடி வந்த பயணம், மறு கரையில் ஆன்மாக்களுக்கு விலை. நல்ல மனிதர்களால் இது எப்படி முடிந்தது? ஆன்மாவை உடலினின்று பிரித்துவிட்டதே காரணம் என்று தோன்றுகிறது. ஆன்மாவுக்குத் திருவருட்சாதனங்களைக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவில், உடலைக் கணக்கேட்டில் சொத்தாக எழுதுவது அவர்களுக்கு உறுத்தவில்லை. நிறத்தைக் கொண்டு மனிதரைத் தரம் பிரித்த உலகின் கண்ணையே அவர்களும் கடன் வாங்கியிருந்தனர்.

நெடுங்காலத்திற்குப் பின், 2017 ஏப்ரல் 18 அன்று, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் நடந்த வழிபாட்டில் அமெரிக்க இயேசு சபையினரின் சார்பில் அருள்தந்தை திமொத்தி கெசிக்கி, விற்கப்பட்டவர்களின் சந்ததியினர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார். மலிடியின் பெயர் தாங்கியிருந்த கட்டடத்திற்கு, விற்பனைப் பட்டியலில் முதலில் இருந்த ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் சூட்டப்பட்டது. மனத்துயரும் அறிக்கையும் இவ்வாறு வந்தன.

பரிகாரம்? 2021-இல், சந்ததியினரோடு இணைந்து அமைத்த அறக்கட்டளைக்கு 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக இயேசு சபையினர் உறுதியளித்தனர். அந்த வாக்கு நிறைவேறும் வேகம் போதாது என்று சந்ததியினர் பின்னர் குறைப்பட்டனர். கண்ணீர் எளிது, கணக்கைத் தீர்ப்பதே கடினம். சக்கேயு மனம் வருந்தியதோடு நிற்கவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தபின்புதான் அவன் வீட்டிற்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார்.

இதை அயல்நாட்டுப் பாவம் என்று படித்து முடித்துவிடலாகாது. ஒரே நற்கருணையை உண்டபின், இறந்தோரைச் சாதி பார்த்துத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்த பங்குகள் நம்மிடையே உண்டு. நிறத்தின் இடத்தில் சாதி நிற்கிறது; கண் அதே கண்தான். நமது பங்கின் பழைய பதிவேடுகளைத் திறந்து, யாருடைய உழைப்பில் நம் கோயில் எழுந்தது, யார் அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்று கேட்கும் துணிவு நமக்கு உண்டா? அந்தக் கேள்வியிலிருந்தே நம் பாவசங்கீர்த்தனம் தொடங்கவேண்டும். பரிகாரத்தில்தான் அது நிறைவுறும்.