நிழற்படங்களில் இல்லாத முகங்கள்

நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் பரண்மேல் ஒரு தகரப்பெட்டி இருக்கும். வீட்டுப் பத்திரம், காலாவதியான பாஸ்போர்ட், தபால் முத்திரை அழிந்த கடிதங்கள் ஆகியவற்றுக்கு அடியில், பழுப்பேறிய உறையொன்றில் சில நிழற்படங்கள் கிடக்கும். பெருநாளுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது அப்பெட்டி கீழே இறங்கும். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு “இது யார், இது யார்” என்று கேட்பர். பாதி வினாக்களுக்கு விடை சொல்வார் இரார்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன் எம் வீட்டிலும் அப்பெட்டி இறங்கிற்று. படங்களை எண்ணினோம், 34 இருந்தன. அவற்றுள் 21 படங்கள் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் எடுத்தவற்றில் எஞ்சியவை. பெண்கள் உள்ளவை மூன்றே. எமக்கு எழுத்தறிவித்த உஸ்தாதுமார்களில் ஒருவர் படமும் இல்லை. எவர் மடியில் வளர்ந்தோமோ, எவர் முன் மண்டியிட்டு ஓதினோமோ, அவர்கள் அப்பெட்டியில் இல்லை. கப்பலேறியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். இஃது ஏன் இவ்வாறு ஆயிற்று என்று எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

நிழற்படக் கலையின் வேர் நம்மவர்களிடமும் உண்டு என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் இன்று அறிவர். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், கிரகண காலத்தில் சிறு துளை வழியே இருட்டறையில் விழும் சூரியப் பிறையின் வடிவத்தை ஆராய்ந்து எழுதியது பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில். துளை வழியே வந்த உருவத்தை அழியாமல் தகட்டில் நிறுத்தும் வழி பாரிஸ் நகரில் வெளியிடப்பட்டதோ 1839-இல். குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் மறைந்தது 1838-இல். ஓராண்டு இடைவெளி!

அந்த 1839-ஆம் ஆண்டு முடிவதற்குள்ளேயே அப்பெட்டி முஸ்லிம் நாட்டை எட்டிவிட்டது. நவம்பர் மாதத்தில் பிரெஞ்சு ஓவியர் ஹொராஸ் வெர்னேயும் அவர் தோழரும் அலெக்ஸாந்திரியாவில் முகம்மது அலீ பாஷாவின் அரண்மனையைப் படமெடுத்தனர். தமிழ்நாட்டில் 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலத் தளபதி மதுரையையும் தஞ்சையையும் பதிவு செய்தார். கோயிலும் கோட்டையும் அவர் கண்ணுக்குப் பட்ட அளவுக்கு மனிதர்கள் படவில்லை.

ஹரம் ஷரீபுகளை முதன்முதல் படமெடுத்தவர் ஒரு முஸ்லிமே. எகிப்தியப் படையின் பொறியாளர் முகம்மது ஸாதிக் பே, மதீனாவை 1861-இலும் மக்காவை 1880-இலும் படமெடுத்தார். அவருக்குப் பின் வந்த வரலாறு மனத்தை வருத்துவது. ஸ்னூக் ஹுர்க்ரோன்யே என்ற டச்சு அறிஞர் 1885-இல் மக்காவில் சில மாதங்கள் தங்கினார். மக்காவின் மருத்துவர் ஸையித் அப்துல் கஃப்பார் அவருக்குத் தம் வீட்டில் இடமளித்தார். அவரிடமிருந்து படமெடுக்கும் முறையையும் கற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஸ்னூக் வெளியேற்றப்பட்ட பின்னர், மருத்துவர் தாமே எடுத்த படங்களை அவருக்கு அனுப்பி வந்தார். கஃபாவையும், மக்கத்துப் பெரியோர்களையும், பல நாட்டு ஹாஜிகளையும் அவர் படமாக்கினார். அப்படங்கள் 1889-இல் ஐரோப்பாவில் நூலாயின. ஆனால் மருத்துவர் தகட்டின்மேல் அரபியில் இட்டிருந்த கையொப்பம் அழிக்கப்பட்டது. நூலில் அவர் பெயரும் இல்லை. பிற்காலத்து ஆய்வாளர்கள்தாம் அவரை மீட்டெடுத்தனர். பல்லாயிரம் பேருக்கு மக்காவைக் காட்டியவரின் பெயரையே படத்திலிருந்து நீக்க முடிந்தது! படம் பொய் சொல்லாது என்பாருக்கு இச்செய்தியை நினைவூட்டுகிறோம்.

மார்க்கச் சட்டத்தின் நோக்கில் இப்படங்களைப் பற்றி எழுந்த வாதம் நீண்டது. ஈண்டுத் தீர்ப்புக் கூறுவது எம் நோக்கமன்று. எகிப்தில் 1914 முதல் 1920 வரை முஃப்தியாக இருந்த அல்லாமா முகம்மது பகீத் அல்முதீயீ (ரஹ்) இதற்கெனத் தனி நூலே இயற்றினார். கண்ணாடியில் தோன்றும் நிழலைப் பிடித்து நிறுத்துவதே இது, படைத்தலன்று என்பது அவர் கருத்து. தேவ்பந்தின் முஃப்தி முகம்மது ஷஃபீ (ரஹ்) இதனை மறுத்து நூல் எழுதினார். கருவி மாறியதால் விதி மாறாது என்றார் அவர். மௌலானா அபுல்கலாம் ஆஸாத் இவ்விரு கரைகளுக்கும் இடையே நீந்தியவர். 1912-இல் தொடங்கிய ‘அல்ஹிலால்’ ஏட்டைப் படங்களுடன் அழகுற நடத்தினார். பின்னர் ராஞ்சியில் காவலில் இருந்தபோது எழுதிய ‘தத்கிரா’ நூலில் அது தம் பிழையென்று வருந்தினார். அதன்பின்பும் அரசியல் அவரை விடவில்லை. இந்நாட்டில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட ஆலிம்களில் அவரும் ஒருவரானார்.

நம் ஊர்களில் இவ்வாதத்தை முடித்து வைத்தது கிதாபு அன்று, பாஸ்போர்ட். முதல் உலகப் போருக்குப் பின் எல்லை கடக்க முகம் காட்டும் தாள் வேண்டுமென்ற வழக்கம் உலகெங்கும் பரவிற்று. நாகப்பட்டினத்தில் தொட்டுப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ‘ரஜூலா’ கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. அதிலேறியவர்கள் ஊருக்கு அனுப்பிய கடிதங்களில் ஸ்டுடியோப் படமும் சில வேளை வந்தது. கொழும்புக்குச் சீட்டின்றிப் போய்வந்தோரும் 1948-இன் குடிவரவுச் சட்டத்திற்குப் பின் படமெடுத்துக் கொள்ள நேர்ந்தது. ஹஜ்ஜுக்கும் அதுவே நிபந்தனை. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்ற சட்ட விதியின்படி ஆலிம்களும் கருவியின் முன் அமர்ந்தனர்.

எம் உஸ்தாதும் அவ்வாறே ஒருமுறை அமர்ந்தார்கள். 1990-இல் நாம் சனது பெற்ற நாளில் மாணவர்கள் குழுப்படம் எடுக்க விழைந்தோம். ஹளரத் “நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கூறி ஒளு செய்யப் போய்விட்டார்கள். அவர்களுக்கென நடுவில் இட்ட நாற்காலி வெறுமையாகவே படத்தில் இருக்கிறது. அவர்கள் மௌத்தான பின் அவர்கள் மகனார் ஹஜ் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். இறுகிய வாய், அசையாத கண்கள். எப்போதும் முறுவலுடன் பாடம் நடத்திய அவர்களை அதில் காண இயலவில்லை. இருக்கும் ஒரே படமும் அவர்களைப் போல் இல்லை.

இனி எம் குற்றத்தைச் சொல்லவேண்டும்.

எம் உம்மாவின் வாப்பா 1939-இல் பினாங்குக்குப் போனார். உம்மா பிறந்தது 1940-இல். மகளைக் காணாத அவர், மகள் தம்மைக் காணட்டும் என்று ஸ்டுடியோவில் ஒரு படமெடுத்துத் தபாலில் அனுப்பினார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கில் குண்டு வீசினர், கடிதங்கள் நின்றன. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர்தாம் மௌத்துச் செய்தியைக் கொண்டுவந்தார். ஆக, எம் உம்மா தம் தந்தையைக் கண்டது சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டிய அப்படத்தில் மட்டுமே.

சனது பெற்று வீடு வந்த முதல் வாரத்தில், புதிய மௌலவியான நாம் அப்படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம். உம்மும்மாவையும் கேட்கவில்லை, உம்மாவையும் கேட்கவில்லை. கிழிக்கவில்லை, தாளில் சுற்றிப் பரணில்தானே வைத்தோம் என்று எமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். உம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. அவ்வாண்டு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகிற்று. தையில் எடுத்துப் பார்க்கையில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது முகம் உரிந்து போயிற்று.

உம்மும்மாவின் முன் தலைகுனிந்து நின்றோம். அவர்கள் சொன்னது இவ்வளவே: “அவுக முகம் எனக்குத் தெரியும் தம்பி. உங்க உம்மாவுக்குத்தான் இனி இல்லாமப் போச்சு.”

எமக்கோ அதனினும் வெட்கம் ஒன்றிருந்தது. இருபது ஆண்டுகள் அப்படத்தின்கீழ் வளர்ந்த நாம் நினைவுகூர முயன்றபோது, துருக்கித் தொப்பி நினைவுக்கு வந்தது, கைக்கடிகாரம் வந்தது, பின்னால் தொங்கிய திரையில் வரைந்திருந்த தூணும் படிக்கட்டும் வந்தன. முகம் வரவில்லை.

மதரஸாவுக்குச் சென்று ஹளரத்திடம் முறையிட்டோம். சட்டத்தைக் கடைப்பிடித்ததற்கு நல்ல சொல் கூறுவார்கள் என்று உள்ளூர ஓர் ஆசையும் இருந்தது. “அந்த அம்மாவிடம் கேட்டீரா?” என்றார்கள். இல்லை என்றோம். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “ஷமாயிலில் ஹிந்த் இப்னு அபீஹாலா ஹதீஸ் ஓதியிருக்கிறீர் அல்லவா?” என்று வினவினார்கள்.

ஓதியிருந்தோம். ஹிஜ்ரி 279-இல் மறைந்த இமாம் திர்மிதீ (ரஹ்) தொகுத்த அந்நூலில் ஹஸன் (ரலி) அவர்கள் கூறும் செய்தி அது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் மகனார் ஹிந்த் (ரலி), ஒருவரின் தோற்றத்தை வருணிப்பதில் வல்லவர். அவரிடம் ஹஸன் (ரலி) சென்று, தம் பாட்டனாராகிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோற்றத்தை வருணிக்கக் கேட்கிறார்கள். நெற்றி, புருவம், நடை, திரும்பிப் பார்க்கும் பாங்கு, மௌனம் என்று ஹிந்த் (ரலி) ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். ஓதியபோது சொற்பொருளை மனனம் செய்தோமேயன்றி, கேட்டவர் ஒரு பேரர் என்பதை எண்ணிப் பார்த்தோமில்லை. நாயகத்தின் மடியில் வளர்ந்தவரே போய்க் கேட்டார்கள்!

அந்த வழியிலேயே நம் முன்னோர் ஒரு பெருங்கலையை வளர்த்தனர். இப்னு கல்லிகானும் தஹபீயும் ஆயிரக்கணக்கான மாந்தரின் வரலாறுகளைத் தொகுத்தபோது, பிறந்த ஆண்டு, ஓதிய ஆசிரியர் என்பவற்றோடு நிற்கவில்லை. இன்னார் குள்ளமானவர், இன்னார் தாடிக்கு மருதாணி இட்டார், இன்னார்க்குக் கண்பார்வை மங்கியிருந்தது என்று கிடைத்ததையெல்லாம் குறித்தனர். உதுமானிய எழுத்தோவியர் ஹாபிள் உதுமான் பதினேழாம் நூற்றாண்டில் நாயகத்தின் வருணனையையே சுவரில் மாட்டும் எழுத்துச் சித்திரமாக்கினார். படத்தை வேண்டாமென்ற சமுதாயம் முகத்தை வேண்டாமென்று கூறவில்லை. நாமோ படத்தையும் இறக்கினோம், எழுதவும் இல்லை. இன்றைய இளைஞர்களைச் சொல்லிப் பயனில்லை. அவர்கள் கைப்பேசியில் ஆயிரம் படம் இருக்கிறது, ஒன்றன் பின்னும் பெயரில்லை.

ஹளரத்தைப் பற்றி எம் குறிப்பேட்டில் பின்னர் எழுதியது: சிறு மேனி. மாநிறம். மருதாணிச் சிவப்பேறிய அடர்த்தியற்ற தாடி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து நூலால் கட்டியது. வலக்கை ஆட்காட்டி விரலில் மைக்கறை. மாணவன் பிழையாக வாசித்தால் திருத்தமாட்டார்கள். “மறுபடியும்” என்பார்கள், அவனே கண்டுகொள்ளும் வரை.

அக்குறிப்பேட்டின் முதல் பக்கம் உம்மும்மா சொன்னது. அன்று ஹளரத்திடமிருந்து திரும்பியதும் பேனாவுடன் அவர்கள் அருகே அமர்ந்தோம். உம்மாவும் வந்து நிலைக்கதவோரம் உட்கார்ந்தார்கள். முதலில் வெட்கப்பட்டார்கள், எழுபது வயதில். பிறகு சொன்னார்கள். நிறம் கறுப்பு, படத்தில் வெளுப்பாகக் காட்டியது ஸ்டுடியோக்காரன் வேலை. இடப் புருவத்தில் தழும்பு, சிறு வயதில் கமலைக் கயிறு அறுந்து பட்டது. சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். வெற்றிலை போடுவதில்லை. இரவில் யாஸீன் ஓதும்போது மட்டும் குரல் மாறிவிடும். உம்மா இடையில் ஒரே ஒரு வினாக் கேட்டார்கள்: “என் சாயல் இருக்குமா?” உம்மும்மா மகளின் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, “காதும் நெத்தியும்” என்றார்கள்.

உயரம் எவ்வளவு என்று கேட்டோம். அதை அவர்களால் சொல்ல முடியவில்லை. “இந்த நிலையில குனிஞ்சுதான் வருவாக, ஒரு தடவ மறந்து தொப்பி விழுந்துருச்சு” என்றார்கள்.

அந்த நிலை இன்றும் எம் வீட்டில் இருக்கிறது. அளந்து குறித்து வைத்திருக்கிறோம்: ஐந்தடி ஐந்து அங்குலம்.