கட்டை கட்டிய வீரர்கள்

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே, சாலையோரமாக இருக்கிறது மங்கலம்பேட்டை. அறுவடை முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் ஒவ்வொன்றாகக் கொடி ஏறும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. மகாபாரதம் முழுவதும் பல நாள் கணக்கில் ஊருக்கு நடுவே நடக்கும். அந்த இரவுகளில் ஆட வரும் துரியோதனனைப் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவன் முகமல்ல, உடம்பு. தலைக்கு மேல் ஓங்கிய கிரீடம், காதோரம் விரிந்த மரப்பூ, இரு தோளிலும் சிறகுபோல் எழுந்த புஜக்கட்டை, மார்பை மூடிய பதக்கம். அத்தனையும் மரம். கூத்துக்காரர்கள் இந்த அணிகளைப் பொதுவில் ‘கட்டை’ என்கிறார்கள். கட்டை கட்டினால்தான் அது ராஜ வேஷம்.

இதே ஊர்ப் பையன்கள் இன்று இரவில் கணினி முன்னால் உட்கார்ந்து செய்வதும் ஏறக்குறைய இதுதான். கற்பனை உலகத்தில் நடக்கும் பாத்திர விளையாட்டுகளில் ஒரு வீரனை உருவாக்கி, அவனுக்குத் தலைக்கவசம், மார்புக்கவசம், கையுறை, காலணி என்று துண்டு துண்டாகத் தேடிச் சேர்ப்பார்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு, கவசத்துக்கு ஓர் எண் கொடுத்தது. ஒரு வீரன் எந்தக் கவசம் அணிந்திருக்கிறான் என்பதை வைத்தே அவனை அடிப்பது எளிதா கடினமா என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு பிறகு கணினிக்குப் போய், ஐம்பது ஆண்டுகளில் பெரிய தொழிலாகிவிட்டது. ஆனால் கவசத்தைத் துண்டுகளாகப் பிரித்து, சேர்க்கும் விதத்தாலேயே ஆளை மாற்றிக்காட்டும் கலை இந்த நடுநாட்டுப் பகுதிக்குப் புதிதல்ல. அதன் கதையைச் சொல்ல இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடமும் இல்லை.

பாரதம் படிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவன் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு நிலத்தில் பங்கு ஒதுக்கியது. தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்த சனியூர் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. கடலூர், விழுப்புரம் பக்கத்து மண் அது. இவற்றை வைத்துக் கொண்டு இன்றைய கூத்துக்கும் கட்டைக்கும் ஆயிரம் வயது என்று சொல்லிவிட முடியாது. வாசிப்பு வேறு, ஆட்டம் வேறு. இன்று ஆடப்படும் கூத்துப் பிரதிகளின் தமிழ் பிற்காலத்தது. திரௌபதி வழிபாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைடல், அதன் மையம் செஞ்சி வட்டாரம் என்று கண்டார். அங்கிருந்து தென்னார்க்காடு முழுவதும் பரவிய வழிபாட்டோடு கூத்தும் கட்டையும் சேர்ந்தே வளர்ந்தன என்று கொள்வதுதான் நேர்மையான கணிப்பு.

அப்படியானால் கட்டையின் வடிவம் எங்கிருந்து வந்தது? நிஜப் போர்வீரனிடமிருந்து வரவில்லை. செங்கம் பகுதி நடுகற்களில் நிற்கும் வீரர்களைப் பார்த்தாலே இது தெரியும். கையில் வில், குறுவாள். மார்பு பெரும்பாலும் வெறும் மார்பு. இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் சண்டை போடுவது எவ்வளவு கடினம் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூத்து வீரனின் கிரீடத்துக்கும் தோளணிக்கும் உறவு, கோயிலில் புறப்பாட்டுக்கு அலங்கரித்த உற்சவ மூர்த்தியோடும் தேர்ச் சிற்பங்களோடும்தான். கர்நாடகத்து யட்சகானத்திலும் கேரளத்துக் கதகளியிலும் இதே குடும்பத்து அணிகள் உண்டு. யட்சகானத்தில் மெல்லிய மரத்தில் பொன்தாளும் கண்ணாடியும் ஒட்டுவார்கள். கதகளிக் கிரீடத்தைக் குமிழ மரத்தில் கடைவார்கள். தென்னாட்டுக் கூத்து வீரன் போட்டிருப்பது படைவீரனின் கவசமல்ல, தெய்வத்தின் கவசம். அதனால்தான் வேஷம் கட்டியவரை ஊரார் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

கட்டைக்கு ஏற்ற மரம் கல்யாண முருங்கை. வேலியோரத்தில் கொம்பை நட்டாலே வளர்ந்துவிடும். உலர்ந்தால் எடையே இராது. எடை குறைவாக இருப்பது இங்கே உயிர்நாடி. இரவு தொடங்கி விடியும்வரை ஆடவேண்டும், பாடவேண்டும், களத்தைச் சுற்றிக் கிறுகிறுவெனச் சுழலவேண்டும். கனமான கிரீடம் கழுத்தை ஒடித்துவிடும். மரத்தைச் செதுக்கி, இழைத்து, அதன் மேல் ஜிகினாவும் தங்கநிறத் தாளும் ஒட்டி, இடையிடையே கண்ணாடிச் சில்லுகளைப் பதிப்பார்கள். அந்தக் கண்ணாடி வெறும் அழகுக்காக இல்லை. முன்பு தீவட்டி வெளிச்சத்திலும் பிறகு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் ஆடிய கலை இது. ஆடுகிறவர் அசையும்போதெல்லாம் சில்லுகளில் ஒளி பட்டுத் தெறிக்கும். கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் ராஜா எங்கே நிற்கிறார் என்று தெரியும். இடுப்பைச் சுற்றிப் புடவைகளைக் கொசுவிக் கட்டிப் பாவாடையை அகலமாக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். மனித உடம்பு இருட்டில் சிறியது. கட்டை அதைப் பெரிதாக்குகிறது.

ஜமா எனப்படும் ஒரு கூத்துக் குழுவிடம் இருக்கும் கட்டைகள் ஒரு சில பெட்டிகளுக்குள் அடங்கும். ஆனால் ஆடவேண்டிய பாத்திரங்களோ ஏராளம்: துரியோதனன், துச்சாதனன், கர்ணன், அர்ச்சுனன், வீமன், கீசகன், அபிமன்யு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அணித்தொகுதி செய்துவைக்க ஜமாவை நடத்தும் எந்த வாத்தியாருக்கும் வசதி இருந்ததில்லை. எனவே இருப்பதைக் கொண்டே மாற்றினார்கள். கிரீடம் வைப்பதா, சிகரேக்கு என்ற வேறு தலையணி வைப்பதா என்பதில் ஒரு மாற்றம். அரிதாரத்தின் நிறத்தில் இன்னொரு மாற்றம்; துரியோதனனுக்குச் சிவப்பு என்றால் கிருஷ்ணனுக்குப் பச்சையோ நீலமோ. மீசையின் வளைவு, நெற்றிக் கோடு, கையில் வில்லா கதையா என்பதெல்லாம் மேலும் மேலும் மாற்றங்கள். நேற்று இரவு கீசகன் தோளில் இருந்த அதே புஜக்கட்டை இன்று கர்ணன் தோளில் ஏறும், பார்க்கிற பாட்டிக்குத் துளியும் குழப்பம் வராது. குறைந்த உறுப்புகளை வைத்து நிறைய ஆட்களை உண்டாக்கும் இந்தத் திறமைதான் கட்டை மரபின் உச்சம் என்று துணிந்து சொல்லலாம்.

எல்லோருக்கும் கட்டை கிடையாது என்பதும் இந்த இலக்கணத்தில் சேர்த்தி. கட்டியக்காரனுக்கு இல்லை, அவன் ஊராரின் ஆள், ராஜாவையே கேலி பேச உரிமை பெற்றவன். திரௌபதி முதலான பெண் வேஷங்களுக்கும் மரக்கட்டை இல்லை. கட்டை கட்டியவர் களத்துக்கு வரும் முறையே தனி. இருவர் திரையைப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும், சலங்கை ஒலிக்கும், திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். தான் யார், தன் பெருமை என்ன என்று பாடி முடித்த பிறகே முழு உருவம் வெளிப்படும். கவசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி ஆளை அறிமுகப்படுத்தும் இந்த உத்தி எந்த விளையாட்டு வடிவமைப்பாளரும் படித்துத் தெரிந்துகொள்ளத் தக்கது.

பாரதக் கதைக்குள்ளும் கவசம் ஓர் உயிருள்ள பொருளாகவே வருகிறது. கர்ணன் கவச குண்டலத்தோடு பிறந்தான். அந்தணன் வடிவில் வந்த இந்திரன் அதைத் தானமாகக் கேட்டபோது, உடம்பிலிருந்து அறுத்துக் கொடுத்தான். பதிலுக்குக் கிடைத்தது ஒரே ஒருமுறை எய்யக்கூடிய சக்தி ஆயுதம். அர்ச்சுனனுக்கென்று அதை வைத்திருந்தும் கடோற்கசன்மேல் விடவேண்டியதாயிற்று. தற்காப்பைக் கொடுத்து ஒருமுறைத் தாக்குதலை வாங்கும் இந்தப் பேரம், இன்றைய விளையாட்டுக்காரர்கள் நாள்தோறும் தலையை உடைத்துக்கொள்ளும் கணக்கு. ஜப்பானில் உருவான ‘ஃபேட்’ விளையாட்டு வரிசை 2013-இல் கர்ணனைப் பாத்திரமாக்கியபோது, அவன் பொற்கவசத்தை அவனுடைய தனிச்சிறப்பாக வைத்ததில் வியப்பில்லை. ‘கர்ண மோட்சம்’ கூத்தை விடியவிடியப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கவசத்தின் விலை முன்பே தெரியும்.

கட்டையின் கதை கூத்துக் களத்தோடு முடிவதில்லை. மங்கலம்பேட்டைக்கு வடக்கே, உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் இருக்கிறது கூவாகம். ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவை வெளியூர்ப் பத்திரிகைகள் திருநங்கைகளின் விழாவாகவே எழுதுகின்றன. கூத்தாண்டவருக்காக அவர்கள் தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் அழுகளத்தில் அதை அறுப்பதும் நெஞ்சை உலுக்குபவைதான். அதே விழாவில் பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. பாரதத்தில் களப்பலியாகப் போகும் அர்ச்சுனன் மகன் அரவான்தான் கூத்தாண்டவர். அவன் உடம்பு தேரின் மேல் ஒட்டுமொத்தமாக ஏறுவதில்லை. தலை கூவாகத்துக் கோயிலில் இருக்கிறது. மற்ற உறுப்புகளும் அணிகளும் சுற்றுவட்டத்துக் கிராமங்களிலிருந்து வருகின்றன. நத்தம், தொட்டி, சிவிலியாங்குளம் போன்ற ஊர்களுக்கு இந்த விழாவில் உரிமையும் பங்கும் உண்டு. மரத்தாலான மார்பும் புஜங்களும் கைகளும் ஊர்வலமாக வந்து சேர, மாலைகளால் மூடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய வீரன் எழுந்து நிற்கிறான். ஓர் ஊர் வராவிட்டால் வீரன் முழுமையடைய மாட்டான். ஊர்களுக்கிடையே உள்ள உறவையே கவசத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு தேர் நகர நகர மாலைகள் களையப்படும், உடம்பு குறையும், அழுகளத்தில் ஒப்பாரி எழும்.

கணினி விளையாட்டுகளின் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் ஓடிய காலமும் உண்டு. 2002-இல் வந்த ‘மாரோவிண்ட்’ விளையாட்டில் இடத் தோளுக்கு ஒரு கவசம், வலத் தோளுக்கு வேறு கவசம் அணியலாம். இரு கைகளுக்கும் அப்படியே. 2006-இல் அதை உருவாக்கிய நிறுவனத்தின் ‘ஆப்லிவியன்’ தோள்கவசங்களை எடுத்துவிட்டது. 2011-இல் ‘ஸ்கைரிம்’ வந்தபோது கால்கவசமும் மார்புக்கவசத்தோடு ஒன்றாகிவிட்டது. ஆளுக்குத் தலை, உடல், கை, கால் என நான்கே பகுதிகள், வேண்டுமானால் ஒரு கேடயம். வரைகலை மேலும் அழகானது, ஆனால் ஒட்டிச் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு சுருங்கியது. பழைய ரசிகர்கள் இதற்காக இன்றும் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ‘ஆப்லிவியன்’ வெளிவந்த அதே ஆண்டில் குதிரைக்கான கவசத்தை இரண்டரை டாலருக்குத் தனியாக விற்றதும் நடந்தது. விளையாட்டுக்குள் அலங்காரத்தைக் காசுக்கு விற்கும் வழக்கத்துக்கு அதையே தொடக்க அடையாளமாகப் பலர் காட்டுவார்கள். மாறாக, ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2011 இறுதியில் ஒரு கவசத்தின் பலத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றின் தோற்றத்தை ஏற்கும் வசதியைக் கொண்டுவந்தது. பலம் மட்டும் போதாது, தான் விரும்பும் தோற்றத்தில் நிற்கவேண்டும் என்ற ஆசையை அது மதித்தது. கூத்துக்காரர் பெட்டியைத் திறந்து எது இன்றைய கர்ணனுக்குப் பொருந்தும் என்று தேடுவதும் அதே ஆசையால்தான்.

துண்டுகளைச் சேர்க்காமல் உருவம் செய்யும் வழிக்கு விருத்தாசலத்துச் செராமிக் தொழிலை இங்கே நினைக்கலாம். அகல் விளக்கும் சாமி பொம்மையும் வார்க்கும் சிறு பட்டறைகள் அந்த ஊரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுபோயின. அச்சில் களிக்குழம்பை ஊற்றி எடுக்கும் பொம்மையில் கிரீடமும் தோளும் மார்பும் ஒரே வார்ப்பு. ஆயிரம் பொம்மை வேண்டுமானால் அதுதான் வழி, அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பொம்மை எப்போதும் ஒரே ஆளாகத்தான் இருக்கும். சாலையின் இந்த முனையில் வார்ப்பு, அந்த முனையில் கட்டை: உருவங்களை உண்டாக்கும் இரு வழிகளும் ஒரே மணிநேரப் பயணத்துக்குள் கிடைக்கின்றன.

கட்டைக் கலையைக் காப்பாற்ற உழைத்தவர்கள் இருக்கிறார்கள். கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் துணைநிற்க காஞ்சிபுரத்தில் 1990-இல் உருவான சங்கம், தன் பெயரிலேயே கட்டையைச் சேர்த்துக் ‘கட்டைக்கூத்துச் சங்கம்’ என்று வைத்துக்கொண்டது. அவர்கள் 2002-இல் தொடங்கிய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பித்தார்கள். ஆண்கள் மட்டுமே கட்டிவந்த கட்டையைப் பெண்பிள்ளைகளும் கட்டினார்கள். 2020-இல் குருகுலம் மூடப்பட்டது. வடக்கே புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் வழிவந்தவர்கள் இன்றும் ஆடுகிறார்கள். தெற்கத்திப் பாணியில் ஆடும் கடலூர், விழுப்புரம் பக்கத்து ஜமாக்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அவர்களுடைய பெட்டிகளில் உள்ள கட்டைகளை யார் செதுக்கினார்கள், எத்தனை கை மாறியது, எந்தக் கோயில் விழாவில் முதலில் ஏறியது என்பதெல்லாம் வாத்தியார்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு வயதாகிறது.

இந்தியப் புராணத்தை எடுத்துக்கொண்ட விளையாட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. புணே நகரத்து இளைஞர்கள் 2020-இல் ‘ராஜி’ என்ற விளையாட்டைச் செய்தார்கள். கனடாவில் 2023-இல் உருவான ‘வெண்பா’, ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையையே விளையாட்டாக்கி உலகப் புகழ் பெற்றது. அடுத்ததாக வீரர்களையும் கவசங்களையும் கொண்டு தமிழில் விளையாட்டு செய்ய நினைப்பவர்கள் ஐரோப்பிய இரும்புச் சட்டையின் படத்தைத் தேடி உட்கார வேண்டாம். திருவிழாக் காலத்தில் உளுந்தூர்பேட்டைச் சாலையில் இறங்கி, எந்த ஊரில் பதினெட்டாம் போர்க் கூத்து என்று விசாரித்து, வேஷம் கட்டும் கொட்டகைக்குப் போங்கள். அனுமதி கேட்டு ஒவ்வொரு கட்டையையும் படமெடுங்கள், அளவெடுங்கள், அதன் பெயரை வாத்தியாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விளையாட்டு வெளிவரும்போது அந்த ஜமாவின் பெயரைப் போடுங்கள், வருமானத்தில் அவர்களுக்குரிய பங்கையும் கொடுங்கள்.