பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட்

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான உலகப் போட்டி. 1959-இல் ருமேனியாவில் தொடங்கியது; இந்தியா 1989 முதல் பங்கேற்கிறது. நாட்டுக்கு ஆறு பேர், இரண்டு நாட்கள், நாளுக்கு நான்கரை மணி நேரம், மொத்தம் ஆறே கணக்குகள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு மேல்வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே புகட்டினால் போதும் என்போருக்கு இது நல்ல மறுப்பு: நுண்கணிதம் இதற்குத் தேவையே இல்லை. எடுத்துக்காட்டாக, எந்த ஐந்து முழு எண்களை எடுத்தாலும், அவற்றுள் ஏதாவது மூன்றின் கூட்டுத்தொகை 3-ஆல் மீதியின்றி வகுபடும். நிறுவ வேண்டுமா? 3-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2 மட்டுமே. மூன்று மீதிகளும் வந்திருந்தால் வகைக்கொன்று எடுக்கலாம். இல்லையேல் ஏதோ ஒரு மீதி மூன்று முறையாவது வந்தே தீரும். எட்டாம் வகுப்புச் சரக்குதான், ஆனால் அந்த வகுப்பின் தேர்வுத்தாள் இப்படிக் கேட்பதில்லை.

பணம் கட்டிப் பயிற்சி பெறும் நகரத்துப் பிள்ளைகளுக்கே இது வாய்க்கிறது என்ற குறை பொய்யல்ல. ஆனால் அது வாய்ப்பின் குறை, கணக்கின் குறையல்ல. ஆய்வுக்கூடம் வேண்டாம், தாளும் பேனாவும் போதும். வெல்வோர் சிலரே, மற்றவர் உழைப்பு வீண் என்பது இன்னும் பலவீனமான வாதம். ஒரே கணக்கோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பழக்கம் பதக்கம் கிடைக்காவிட்டாலும் கைவிடாது. இந்தியாவில் தேர்வுகளையும் பயிற்சி முகாமையும் மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் ஒருங்கிணைக்கிறது. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.