கந்தைத் துணியில் ஒரு வரலாறு

எழுத்தறிவு மறுக்கப்பட்டோரின் வரலாற்றை எங்கே தேடுவது? அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அது போர்வைகளில் தைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

மூன்று புறமும் ஆறு சூழ்ந்த நிலம் அது. 1816-இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்திப் பண்ணை அமைத்தார். 1845-இல் அது மார்க் பெட்வேயின் கைக்கு மாறியது. அடிமை விலங்கு அறுந்த பின்னரும் அம்மக்கள் அதே மண்ணில் வாரக் குடிகளாய்க் கடனில் உழன்றனர். பண்ணையாரின் பெயரே அவர்தம் குடும்பப் பெயராய் நின்றது. 1932-இல், கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்தபோது, கடனுக்கு ஈடாக உழவுக் கருவிகளும் கால்நடைகளும் தானியமும் வாரிச் செல்லப்பட்டன.

புதுத் துணிக்கு வழியற்ற பெண்கள், நைந்த வேலை உடைகளைக் கிழித்துத் துண்டு துண்டாக இணைத்தனர். மேலே ஒட்டுத்துணி, நடுவே அரைவை ஆலையின் தரையில் கூட்டியெடுத்த பஞ்சு, அடியில் சாக்குத்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்துக் குளிருக்குப் போர்வையாக்கினர். தாயிடம் மகள் கற்ற கைத்தொழில் இது. சட்டைப்பையைப் பிரித்த இடத்தில் வெளுக்காத நிறம் தெரியும். முழங்கால் பட்ட இடம் வெளிறிக் கிடக்கும். 1942-இல் மிஸ்ஸோரி பெட்வே, மறைந்த தம் கணவரின் வேலை உடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்து அதன் கீழ் உறங்கவே அதைத் தைத்தார்.

வாக்குரிமை கேட்டு அம்மக்கள் எழுந்த காலத்தில், 1962-இல், அக்கரைக்குச் செல்லும் படகு நிறுத்தப்பட்டது; 2006-இல்தான் அது மீண்டும் ஓடியது. இதற்கிடையே பிரான்சிஸ் வால்டர் என்னும் எப்பிஸ்கோப்பல் சபைக் குரு இப்போர்வைகளின் அருமையைக் கண்டார். அவர் துணையுடன் 1966-இல் அவ்வட்டாரப் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 1972-இல் ஒரு பெரிய வணிக நிறுவனத்துக்குக் கார்டுராய்த் தலையணை உறைகள் தைத்துக் கொடுத்தபோது, மிஞ்சிய வெட்டுத்துணிகளும் போர்வைகளாயின. 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர்களில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் தொங்கின.

வறுமையைப் போற்ற இதனைக் கூறவில்லை. அது மனிதர் இழைத்த அநீதி. அழகென்று இன்று உலகம் வியக்கும் அந்த வெளிறிய முழங்கால் தடம், ஓர் உழவன் மண்டியிட்டு உழைத்த நாள்களின் கணக்கு. கிழிந்ததென்று நாம் வீசும் துணியிலும் யாரோ நூற்ற நூலும், யாரோ சிந்திய வியர்வையும் உண்டு. அதை வீசும் கை ஒருகணம் தயங்கினால், அந்தக் கணக்கைப் படிக்கத் தொடங்கிவிட்டோம் எனலாம்.