கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடியும் மங்கலா? கண்ணுக்குள்ளே நடப்பது இதுதான்!

“லென்ஸ் வச்சப்போ நல்லாத்தான் தெரிஞ்சுது. இப்போ திரும்பப் புரை வந்துடுச்சு போல!” கறம்பக்குடி பக்கம் உங்க வீட்டு அப்பத்தாவோ தாத்தாவோ இப்படிச் சொல்லியிருக்கலாம். ‘வயசாகிடுச்சு, இனி அவ்வளவுதான்’னு அவங்க விட்டுட்டா, நீங்களும் விட்டுடாதீங்க. எடுத்த புரை திரும்ப வராது. நடப்பது வேற!

உள்ளே என்ன மாறுது?

நம்ம கண்ணின் இயற்கை லென்ஸை ஒரு மெல்லிய பை மூடியிருக்கு. ஆபரேஷனில் மங்கிப்போன லென்ஸை எடுத்துட்டு, பையை விட்டுவைப்பாங்க. அதுக்குள்ளேதான் செயற்கை லென்ஸ் உட்காரும். லண்டனில் 1949-ல் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாகப் பொருத்திய இந்த லென்ஸை, 1992 முதல் மதுரை அரவிந்த் குழுமத்தின் ஆரோலேப் குறைந்த விலையில் தயாரிக்குது.

மஞ்சளாகிப்போன பழைய லென்ஸ் போயிடுறதால, வெள்ளை பளிச்னு தெரியும். நீலம் கூடுதல் நீலமா தெரியும். ஆனா, சாதாரண செயற்கை லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் ஃபோகஸ் ஆகும். அதனால பேப்பர் படிக்கக் கண்ணாடி தேவைப்பட்டா, ஆபரேஷன் தோத்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை.

அப்போ ஏன் மங்குது?

பையில ஒட்டியிருக்கும் லென்ஸ் செல்கள் மெல்ல வளர்ந்து, பையின் பின்பக்கம் படரும். சில மாதங்கள்லயோ, சில வருஷங்கள்லயோ பார்வை பனிமூட்டமா ஆகும். எதிரே வர்ற பஸ்ஸின் லைட் கூசும். இதுக்கு ‘யாக்’ லேசர் போதும். பையின் நடுவுல சின்னத் துளை போட்டு வழிவிடுவாங்க. ஊசி, தையல் கிடையாது. சில நிமிஷ வேலைதான். பெரும்பாலும் மறுபடி தேவைப்படாது.

ஆபரேஷன் முடிஞ்ச சில வாரங்கள்ல மங்கினா, விழித்திரையின் நடுவில் நீர் கோத்த வீக்கமா இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே சரியாகும்.

இவை வந்தா அன்னைக்கே கிளம்புங்க!

* ஆபரேஷன் ஆன முதல் சில நாள்கள்ல வலி, சிவப்பு கூடி, பார்வை குறைஞ்சா, அது கண்ணுக்குள் கிருமித்தொற்றா இருக்கலாம். இதுல ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

* திடீர்னு நிறைய கரும்புள்ளிகள், மின்னல் வெட்டு, ஓரத்துல திரை விழுந்த மாதிரி நிழல் தெரிஞ்சா, விழித்திரை கிழிஞ்சிருக்கலாம் அல்லது பிரிஞ்சிருக்கலாம். மாதங்கள், வருஷங்கள் கழிச்சும் இது வரலாம். வலியே இருக்காது. அதனாலதான் பலர் தள்ளிப்போடுறாங்க.

ஒண்ணு ரெண்டு புள்ளி கொசு மாதிரி மிதக்குறது பொதுவானது. கண்ணின் உள்ளே இருக்கும் ஜெல், விழித்திரையைவிட்டு விலகும்போது அப்படித் தெரியும். புதுசா வந்தா ஒருமுறை காட்டிடுங்க.

மெதுவா மங்கினா, புதுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ ஒரு நாள் ஒதுக்கிக் கூட்டிட்டுப் போனா போதும். திடீர்னு மாறினா, அடுத்த முகாம் வரைக்கும்கூட காத்திருக்காதீங்க.

வீட்டுலயே ஒரு சின்ன சோதனை: ஒரு கண்ணை மூடிட்டு, சுவர்ல இருக்கிற தினசரி காலண்டரின் தேதியைப் படிக்கச் சொல்லுங்க. அடுத்து மறு கண். ரெண்டு கண்ணும் திறந்திருந்தா, நல்ல கண் மங்கின கண்ணை மறைச்சிடும். வெளியூர்ல இருக்கீங்களா? வீடியோ கால்லயே செய்ய வைக்கலாம்.