குமரிக் கடலும் தொலைக்காட்சி உரிமமும்

தொலைக்காட்சியின் உரிமமும் உடைமையும் இந்தியாவிலும் இலங்கையிலும் வெவ்வேறு நெறியில் வளர்ந்தமை ஈண்டு ஆராயப்படுகின்றது. 1982 பிப்ரவரித் திங்களில் தொடங்கிய இலங்கை ரூபவாகினியை நாஞ்சில் நாட்டுக் கடற்கரையூரார் உயர்ந்த ஏரியல் நட்டுக் கண்டனர். காட்சி கொழும்பினது, பெட்டிக்குரிய ஆண்டுக் கட்டணமோ நம் அஞ்சலகத்திற்கு உரியதாயிற்று. 1985-இல் அக்கட்டணம் ஒழிந்தது.

இலங்கையில் 1979 ஏப்ரலில் தனியார் தொடங்கிய ஒளிபரப்பை அவ்வாண்டிலேயே அரசு கைக்கொண்டது. 1990-களில் தனியார்க்குத் தரைவழி ஒளிபரப்பு மீண்டும் திறந்தது. ஆயின் உரிமம் நல்கும் அதிகாரம், ரூபவாகினிக் கூட்டுத்தாபனத்தை நிறுவிய 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைச்சரிடமே நின்றது. போட்டியிடும் அரசு நிறுவனத்தின் சட்டமே பிறர்க்கும் வாயிலானமை விந்தையே.

இந்தியாவில் அரசின் தனியுரிமைக்கு 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் அடிப்படையாயிற்று. தரைவழித் தொலைக்காட்சி தனியார்க்கு வழங்கப்பெற்றிலது. 1993-இல் தோன்றிய சன் தொலைக்காட்சி முதலியன செயற்கைக்கோள் வழியே இல்லம் புகுந்தன. உடைமை மாறியது சட்டத்தால் அன்று. சட்டம் எட்டாத வானத்தால் என்க.

1995-இல் இந்திய உச்சநீதிமன்றம் வானலை பொதுச்சொத்து என்றும், அதனை ஆளத் தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 1997-இல் இலங்கை அரசு ஒலி, ஒளிபரப்புக்கு ஓர் அதிகாரசபை அமைக்க மசோதா கொணர்ந்தது. அச்சபை அரசின் பிடியினின்று விடுபட்டதன்று எனக் கண்ட அந்நாட்டு உச்சநீதிமன்றம், மசோதா அரசியலமைப்புக்கு முரணானது என்றது.