ரெஸ்யூமேயின் முதல் நான்கு வரிகள்: எப்படி எழுதுவது?

"நான் கடின உழைப்பாளி. நேர்மையானவன். குழுவாகப் பணியாற்றக்கூடியவன்." வேலை தேடும் நம் இளைஞர்கள் பலரின் ரெஸ்யூமே இப்படித்தான் தொடங்குகிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அடுத்தவரின் விண்ணப்பத்திலும் இதே வரிகள் இருப்பதால், யாருக்கு என்ன வேலை தெரியும் என்பது முதலாளிக்குத் தெரிவதில்லை. திறமை இருந்தும் நேர்காணலுக்கு அழைப்பு வராமல் போக இதுவும் ஒரு காரணம்.

பெயர், தொலைபேசி எண்ணுக்குக் கீழே வரும் சிறு பத்திதான் சுருக்கவுரை. மூன்று அல்லது நான்கு வரி போதும்.

என்னென்ன இருக்க வேண்டும்?

• செய்த வேலை, எத்தனை ஆண்டு
• வேலையின் அளவைக் காட்டும் ஓர் எண்
• சான்றிதழ், உரிமம், தெரிந்த மொழிகள்
• இப்போது நாடும் வேலை

ஒரு மாதிரி:

"கிள்ளான் துறைமுகப் பகுதிக் கிடங்கில் 6 ஆண்டு அனுபவமுள்ள போர்க்லிப்ட் ஓட்டுநர். ஒரு ஷிப்டில் 12 லோரிகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்கி, கையிருப்பைக் கணினியில் பதிவு செய்த அனுபவம் உண்டு. கடந்த 2 ஆண்டுகளாக 4 பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு. மலாய், ஆங்கிலம், தமிழ் தெரியும். கிடங்கு மேற்பார்வையாளர் பணியை நாடுகிறேன்."

இதில் 'கடின உழைப்பாளி' என்ற சொல்லே இல்லை. உழைப்பை எண்கள் காட்டிவிடுகின்றன.

தோட்ட வேலையை மறைக்க வேண்டாம்

செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர், நகரத்தில் விண்ணப்பிக்கும்போது அதைப் 'பொது வேலை' என்று எழுதிவிடுகிறார். காலைப் பெரட்டில் 30 பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்து, வெட்டிய குலைகளுக்குக் கணக்கு வைத்தது மேற்பார்வை அனுபவம்தான். பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடையில் தீபாவளி நெரிசலில் கல்லாவைக் கவனித்தவருக்கும் பணப் பொறுப்பு, வாடிக்கையாளர் சேவை இரண்டிலும் அனுபவம் உண்டு.

சான்றிதழைத் தெளிவாக எழுதுங்கள்

எஸ்.கே.எம். இருந்தால் துறையையும் நிலையையும் சேர்த்து எழுத வேண்டும். நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், 4 டிப்ளோமா, 5 உயர்நிலை டிப்ளோமா. அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், பிபிடி எனப்படும் முன் அனுபவ அங்கீகாரம் வழி எஸ்.கே.எம். பெற விண்ணப்பிக்கலாம். எஸ்.பி.எம். முடித்து முதல் வேலை தேடுபவர், பகுதி நேர வேலை, பள்ளிக் கழகப் பொறுப்பு, கற்ற கணினி மென்பொருள் ஆகியவற்றை எழுதலாம்.

கவனிக்க வேண்டியவை

• விளம்பரம் மலாயில் இருந்தால் மலாயில், ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.
• விளம்பரத்தில் கேட்ட தகுதி உங்களுக்கு இருந்தால் அதே சொல்லால் குறிப்பிடுங்கள். சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் போன்ற தளங்களில் பதியும்போதும் இது உதவும்.
• ஒரே சுருக்கவுரையை எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்பாதீர்கள்.
• அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் இங்கே தேவையில்லை.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் பார்த்து, "எங்கே செய்தீர்கள்? எப்படி?" என்று வீட்டில் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல முடியாத வரியை எடுத்துவிடுங்கள். நேர்காணலில் வரப்போவதும் அதே கேள்விதான்.